ஒன்றுக்கு ஐந்நூறு

பிள்ளைக்காம்பராவின் சீமெந்துத் தரையில்
வரைபடத்தை விரித்தேன்.
காற்றுக்குப் பறக்காமல்
நான்கு மூலையிலும் பால்மாப் பேணி.
அப்புத்தளைக்கு மேலே,
மண் சரிந்த பழைய எட்டாம் நம்பர் மலை,
பன்னிரண்டு ஏக்கர், ஒன்றுக்கு ஐந்நூறு அளவில்:
ஓடைக்கரைக்கு மரப்பெரணி,
அதற்கு மேல் கீனா, பிறகு நெல்லி,
உச்சியில் மானாப்புல்லை அதன் பாட்டில் விடுவது.
பச்சைப் பேனா மட்டும் ஏழு தீர்ந்திருந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்கள்
ஈரப் படங்கைக் கழற்றாமலே குனிந்தார்கள்.
"இதுல எங்க லயம் எங்க?"
காட்டினேன்.
விரல் நீளத்தில் ஒரு சாம்பல் கோடு,
அதற்குள் இருபத்திநான்கு காம்பரா.
"பீலி?"
பீலியை நான் போடவில்லை.

பரிபூரணம் என் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.
"இந்தக் கான் இப்படிப் போகாது.
தண்ணி ஒங்கள மாதிரி நேரா யோசிக்காது.
சரிஞ்ச அன்னைக்கி ராத்திரி
இங்கதான் நின்னு மொரண்டு பண்ணுச்சு.
சத்தம் மாறிச்சு. பிள்ளைகள எழுப்புனேன்."
நேர்கோட்டின் மேல்
வயிறு தள்ளிய ஒரு வளைவு விழுந்தது.
மூன்று மாத மழைமானிக் கணக்கில்
அந்த இரவு இல்லை.

காடு வந்தால் சிறுத்தை வரும் என்றார் ஒருவர்.
இப்போது மட்டும் வராமலா இருக்கிறது,
நாய் எங்கே போனது என்றார் இன்னொருவர்.
விறகு பற்றிக் கேட்டார்கள். அட்டை பற்றி.
கக்கூஸ் கட்டித் தருவீர்களா என்று கேட்டார்கள்.
என்னிடம் மரங்களின் பட்டியல் இருந்தது.

விந்தனைப் பக்கமிருந்து
விதை சேர்க்க வந்த கிரிபண்டா, வேட வழியினர்,
கூட்டத்துக்குள் வராமல் மேலே ஏறினார்.
நான் சிவப்பில் பெருக்கல் போட்ட டர்பன்டைன் மரத்தடியில் நின்று
ஒரு கொப்பை முறித்து
கவட்டில் செருகிக் கும்பிட்டார்.
புது மலைக்குள் நுழைய அனுமதி கேட்கிறாராம்.
அங்கே ஏற்கெனவே ஒரு கொப்பு வாடிக் கிடந்தது.
"அது நாங்க வச்சது" என்றார்கள் பெண்கள்,
"மாடசாமிக்கு. மலையேற முன்னாடி."

அப்போதுதான் சதானந்தி,
பிள்ளைக்காம்பரா ஆயம்மா,
படத்தின் ஓரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
வந்தேறி இனம். அகற்றுக.
தலை நிமிராமல் கேட்டாள்:
"இது மரத்தையா, எங்களையா?"

பால்மாப் பேணி ஒன்று உருண்டது.
நான் அதை எடுக்கப் போனேன்.
கிரிபண்டா இறங்கி வந்து
நெல்லி விதை கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று
சிங்களத்தில் விசாரித்தார்.

கலையும்போது பரிபூரணம் சொன்னாள்,
கோபமாகக்கூட இல்லை:
"கீனாவுக்குப் பன்னெண்டு ஏக்கர்.
நாங்க ஏழு பேர்ச் கேட்டு
எத்தன எலக்சன் பாத்துட்டோம்."

விடுதி அறையில் இரவெல்லாம் மழை.
ஐந்திணை படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
தேயிலைக்குத் திணை எழுதிப் பார்த்தேன்.
தெய்வம் ரோதமுனி, பறை தப்பு,
உணவு ரொட்டி, நீர் பீலி.
உரிப்பொருளில் பேனா நின்றது.
காத்திருத்தல் என்று எழுதினால்
முல்லைக்குப் போய்விடும்.
அவர்கள் ஆற்றியிருக்கவும் இல்லை.

படத்தைத் திருத்தினேன்.
கானுக்கு வயிறு வந்தது. பீலி வந்தது.
டர்பன்டைனைச் சுற்றி இருபதடி வெற்றிடம்.
லயத்தின் பின்னே லீக்ஸ் பாத்திக்காக
காடு ஐந்து மில்லிமீட்டர் பின்வாங்கியது;
நிலத்தில் அது எட்டடி.

பிறகு கணக்குப் போட்டேன்.
ஏழு பேர்ச் என்பது என் அளவில்
ஒரு தபால் முத்திரை.
காம்பராவுக்கு ஒன்றாக
இருபத்திநான்கு சதுரம் வெட்டி
மண் கெட்டியான மேட்டில் வைத்துப் பார்த்தேன்.
காடு குறையவில்லை.
பசை பூசினேன்.

கொழும்புக் கந்தோரிலிருந்து
இன்று காலை ஒரு வரி வந்திருக்கிறது:
மேட்டிலுள்ள வெள்ளைச் சதுரங்கள்
எந்த இன மரம்?
குறிவிளக்கத்தில் காணவில்லை.